கம்பி கோத்து நாதம் சமைத்தல்

தம்புராவின் மந்தர ஷட்ஜத் தந்தியை மீட்டிச் செவிசாய்ப்போமாயின், நாம் மீட்டாத அந்தர காந்தாரமும் அதனுள்ளிருந்து எழுவதைக் கேட்கலாம். ஒரு நாதமென்பது பல அலைகளின் கூட்டு என்பதற்கு இதுவே சான்று. அவ்வலைகளைக் கூட்டியும் குறைத்தும் புதுநாதம் சமைக்கும் கருவியே மாடுலர் சிந்தஸைசர். முன்னாளில் அரிதாயிருந்த அக்கருவி இந்நாளில் கட்டற்ற இசைப்பதிவு மென்பொருளுள் புகுந்த வரலாற்றையும், அதனால் நாமடையும் பயனையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

இக்கருவி பல உறுப்புகளின் தொகுதியாகும். ஆசிலேட்டர் அலையை எழுப்பும்; ஃபில்டர் சல்லடைபோல் நின்று வேண்டாத அலைகளைத் தடுக்கும்; என்வலப் என்பது நாதம் பிறந்து, நின்று, அடங்கும் வகையை வகுக்கும். இவற்றை எம்முறையில் கம்பிகளால் கோப்பது என்பது வாசிப்போரின் விருப்பம். கம்பிவழிச் செல்லும் மின்னழுத்தமே உறுப்புகளுக்கு ஆணையாம். 1964-ஆம் ஆண்டில் ராபர்ட் மூக் என்பார் அமெரிக்காவில் ஆக்கிய கருவியின் வழிவந்த முறைப்படி, ஒரு வோல்ட் கூட்டினால் சுருதி ஒரு ஸ்தாயி உயரும்.

அக்கருவி நம் நாட்டிற்கும் வந்தது. 1969-இல் டேவிட் டியூடர் என்னும் அமெரிக்க இசைவாணர், அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அதனை நிறுவினார். முன்னர் 1946-இல் நியூயார்க்கில் ஜான் கேஜ் என்பாருக்கு இந்திய இசையைக் கற்பித்த கீதா சாராபாய் முதலியோர் அதிற் புதிய ஒலிகளை ஆக்கினர். ஆயின் 1972-க்குப் பின் அம்முயற்சி ஓய்ந்தது; ஒலிநாடாக்கள் ஆவணக் காப்பகத்தில் உறங்கின. நெடுங்காலம் கழித்துப் பால் பர்கஸ் என்பவர் கண்டெடுத்த பின்னரே, 2023-இல் அவை உலகோர் செவிக்கு எட்டின. கருவி ஓரிடத்தில் மட்டும் இருந்தமையால், அவ்விடம் ஓய்ந்ததும் கலையும் ஓய்ந்தது.

இக்குறையைத் தீர்த்தது மென்பொருள். 1996-இல் மில்லர் பக்கெட் வெளியிட்ட ப்யூர் டேட்டா, திரையில் பெட்டிகளை வைத்துக் கோடுகளால் இணைக்கும் வழியைக் கட்டணமின்றி வழங்கியது. 2017-இல் ஆண்ட்ரூ பெல்ட் வெளியிட்ட விசிவி ராக், கருவிப் பலகையையும் கம்பிகளையும் அவ்வாறே திரையில் தீட்டிக் காட்டியது. அதன் மூலநிரல் யாவர்க்கும் திறந்திருந்தமையின், பிறர் அதனை எடுத்துக் கார்டினல் என்னும் செருகுநிரலாக்கினர். அதனை ஆர்டர் போன்ற கட்டற்ற இசைப்பதிவு மென்பொருளில் இணைத்துவிட்டால், பாட்டைப் பதியும் இடமே கருவி சமைக்கும் பட்டறையும் ஆகிவிடும்.

இவ்விணைப்பு எளிதன்று. ஒலியைக் கணினி வினாடிக்கு 48,000 புள்ளிகளாகக் கணிக்கிறது என்க. அவற்றை 256 புள்ளிகள் கொண்ட கட்டுகளாக அனுப்பின், ஒவ்வொரு கட்டிற்கும் உரிய அவகாசம் வினாடியில் ஏறத்தாழ இருநூறிலொரு கூறே. பிந்தினால் ஒலி முறியும். மேலும், கம்பி சுற்றிவந்து தொடங்கிய உறுப்பிலேயே புகுமாயின், எதை முதலிற் கணிப்பது? ராக் ஒவ்வொரு கம்பியிலும் ஒரு புள்ளியளவு தாமதம் வைத்து இச்சிக்கலை அவிழ்க்கிறது.

நமக்கு இதனால் யாது பயன்? மேல்நாட்டுக் கீபோர்டில் அந்தர காந்தாரம் ஷட்ஜத்திற்கு மேல் 0.333 வோல்ட்டில் நிற்கும். தம்புராவில் தானே எழும் காந்தாரமோ 0.322-க்குரியது. இவ்வேறுபாடு சிறிதாயினும் பழகிய செவி அதனை உணரும். பிறர் செய்து பூட்டிய கருவியில் அவர்தம் ஸ்வரமே நம் ஸ்வரம். நாமே கம்பி கோக்குங் கருவியிலோ காந்தாரத்தை நம் செவிக்கேற்ப நிறுத்தலாம். மெல்ல அசைத்துக் கமகமும் அமைக்கலாம்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அடுத்த மண்ணூர்பேட்டையில், லேத் இயந்திரத்தின் ஓசை கேட்டு வளரும் மாணாக்கர், பொறியைப் பிரித்துப் பார்த்தவரே அதனைச் செப்பனிட வல்லார் என்பதை நன்கறிவர். திறந்த மூலநிரலும் அத்தகையதே. அகமதாபாத்தின் நாடாக்கள் போல் நம் முயற்சி காப்பகத்தில் உறங்காதிருக்க வேண்டுமாயின், நண்பர்காள், கருவியை வாசிக்கக் கற்பதோடு நில்லாது, அதனைப் பிரித்துக் கோக்கவும் கற்போமாக.