மடிப்பு போன் வாங்க நினைக்கும் யாழ்ப்பாணத்தவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் மடிப்பு போன் இப்போது அபூர்வமான பொருள் அல்ல. கட்டார், துபாய், சவூதி என்று தொழிலுக்குப் போய் விடுமுறையில் வருபவர்களின் கைகளில் அதைக் காண்கிறோம். நகரத்துக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளிலும், பாவித்த போன்களுக்கு நடுவில் ஒன்றிரண்டு தலைகாட்டுகின்றன. புதிதாக வெளிவரும்போது 2,000 டொலர் அளவில், அதாவது இன்றைய நாணய மாற்றில் ஆறு இலட்சம் ரூபாவைத் தொடும் சாதனம், இரண்டு மூன்று வருடம் கழிந்ததும் அதில் ஒரு சிறு பங்குக்குக் கைமாறுகிறது. ஆசை வருவதும் அங்கேதான், ஏமாற்றம் வருவதும் அங்கேதான்.

நான் ஒன்றரை வருடமாக இவ்வகைப் போன் ஒன்றைப் பாவித்து வருகிறேன். "இதை வாங்கலாமா நானா?" என்று பள்ளிவாசல் வாசலிலும் கடைத்தெருவிலும் கேட்கிறார்கள். கமரா எப்படி, வேகம் எப்படி என்று விசாரிக்கிறார்கள். பழுதானால் எங்கே திருத்துவது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. எமது ஊரைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

மடிப்பு போன்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று புத்தகம் போல விரிவது. மூடியிருக்கும்போது சாதாரண போன், விரித்தால் ஏறத்தாழ எட்டு அங்குலத் திரை. மற்றது பழைய மோட்டோரோலா ரேஸர் போல மேலிருந்து கீழே மடிவது. விரித்தாலும் அது சாதாரண போனின் அளவுதான், மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்கும். இந்த இரண்டாவது வகையில் புதிதாகக் கிடைப்பது சிறிய அளவும் அழகும் மட்டுமே. ஆகவே நான் இங்கு பேசப்போவது பெரும்பாலும் புத்தக வகையைப் பற்றி.

கண்ணாடி எப்படி மடிகிறது என்பது பலருக்கும் ஆச்சரியம். பனங்குருத்தோலையை மடித்தால் மடிகிறது, மட்டையை மடித்தால் முறிகிறது அல்லவா? மெல்லியதாக இருக்கும் எதுவும் வளைவதற்கு இசையும், கண்ணாடியும் அப்படித்தான். 2020 இல் சம்சுங் வெளியிட்ட Z ஃபிளிப் போனில் இருந்த கண்ணாடியின் தடிப்பு சுமார் 30 மைக்ரோமீற்றர். நமது தலைமுடியை விட மெல்லியது. அதற்குக் கீழே திரையின் ஒளிரும் பகுதி பிளாஸ்திக் தளத்தில் அமைந்திருக்கிறது. அதற்கு மேலே ஒரு பிளாஸ்திக் படலம். நமது விரல் தொடுவது அந்தப் படலத்தைத்தான், கண்ணாடியை அல்ல. நகம் அழுத்தினால் தடம் விழுவதன் காரணம் இதுதான்.

அந்தப் படலத்தின் கதையைச் சொல்லத்தான் வேண்டும். 2019 ஏப்ரலில், முதலாவது கெலக்ஸி ஃபோல்ட் கடைக்கு வருவதற்கு முன் அமெரிக்காவில் சில செய்தியாளர்களுக்குப் பரிசோதிக்கக் கொடுக்கப்பட்டது. அவர்களில் சிலர், புதுப் போனில் ஒட்டிவரும் தற்காலிக உறை என்று எண்ணி அந்தப் படலத்தை உரித்துவிட்டார்கள். திரை செத்தது. வேறு சிலரின் போன்களில் மடிப்புக்குள் தூசு புகுந்து திரை மேடு தட்டியது. சம்சுங் வெளியீட்டைத் தள்ளிப்போட்டு, படலத்தின் ஓரத்தைச் சட்டத்துக்குள் செருகி, மடிப்பின் இடைவெளிகளை அடைத்து, செப்டெம்பரில்தான் விற்பனைக்கு விட்டது. நமது கடைகளில் எந்தப் போனைக் கொடுத்தாலும் முதல் வேலையாக டெம்பர் கிளாஸ் ஒட்டித்தரும் பழக்கம் இருக்கிறது. மடிப்பு போனின் உள் திரையில் அதை ஒட்டவே கூடாது. தம்பிமார் அன்பாகத்தான் ஒட்ட வருவார்கள், கையைப் பிடித்துத் தடுங்கள்.

சரி, இவ்வளவு நொய்தான சாதனத்தால் என்ன பயன்? பயன் இருக்கிறது, ஆனால் விளம்பரம் காட்டும் இடத்தில் இல்லை. விளம்பரத்தில் எப்போதும் வீடியோதான் ஓடும். விரித்த திரை ஏறக்குறையச் சதுரமானது. நமது வீடியோக்களோ அகலமானவை. அதனால் மேலும் கீழும் தடித்த கறுப்புப் பட்டை விழுகிறது. கையில் இருக்கும் பெரிய சாதாரண போனில் தெரிவதை விடச் சற்றுப் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

வாசிப்பில்தான் வித்தியாசம் தெரிகிறது. நிமிர்த்திப் பிடித்தால் பக்கத்தின் அகலம் சாதாரண போனை விட ஒன்றரை மடங்குக்கு மேல். அரச சுற்றுநிருபம், காணி உறுதியின் பிரதி, பிள்ளைகளின் சாதாரண தரக் கடந்தகால வினாத்தாள் எல்லாம் இன்று பீ.டி.எஃப் ஆகத்தான் வருகின்றன. சாதாரண போனில் அவற்றை இரண்டு விரலால் பெருப்பித்து, இடமும் வலமும் இழுத்து இழுத்து வாசிக்க வேண்டும். இதில் ஒரு பக்கம் முழுதாக நிற்கிறது. நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இது சிறிய உதவி அல்ல. மதீனா அச்சு முஸ்ஹப் 604 பக்கங்கள், பக்கத்துக்கு 15 வரிகள். மனனம் செய்பவர்கள் அந்தப் பக்க அமைப்பை அப்படியே கண்ணில் பதித்து வைத்திருப்பார்கள். விரித்த திரையில் பக்கம் குலையாமல், எழுத்தும் சிறுக்காமல் தெரிகிறது. (மூடி வைத்தால் போன் மௌனமாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அழைப்பு வந்தால் ஸஃப்பில் நிற்கும்போதும் மற்றப் போன்களைப் போலவே அலறும்.)

வியாபாரிகளுக்கும் ஒரு வசதி உண்டு. திரையின் ஒரு பாதியில் வட்ஸ்அப்பில் வந்த ஓடரையும் மறுபாதியில் இருப்புக் கணக்கையும் வைத்துக்கொண்டு வேலை செய்யலாம். நான் எதிர்பார்க்காத இன்னொரு பயன் குடும்ப அழைப்புகளில் கிடைத்தது. 1990 ஒக்டோபர் வெளியேற்றத்துக்குப் பிறகு எமது குடும்பங்கள் புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு, இலண்டன் என்று பிரிந்து கிடக்கின்றன. திரும்பி வந்தவர்கள் சோனகத் தெருவிலும், வராதவர்கள் அங்கங்கேயுமாக, பெருநாள் அன்று எல்லோரும் கூடுவது போனில்தான். போனைப் பாதி மடித்து மேசையில் நிறுத்திவிட்டால் அது தானாக நிற்கிறது. உம்மா கையில் பிடித்துக் களைக்கத் தேவையில்லை.

தொல்லைகளும் தினசரி உண்டு. 2023 இல் வந்த Z ஃபோல்ட் 5 இன் எடை 253 கிராம். சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் சாய்கிறது. 2025 இல் வந்த Z ஃபோல்ட் 7 இல் அது 215 கிராமாகக் குறைந்துவிட்டது உண்மை, ஆனால் நம்மவர் கைக்கு வரும் பாவித்த போன்கள் முந்தைய பாரமான வகையே. மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி ஒரு கையால் விரிக்க முடியாது. வெயிலில் நின்று பார்த்தால் நடுக்கோடு பளிச்சென்று தெரியும். கோடு ஒரு கிழமையில் கண்ணுக்குப் பழகிவிடும், பாரம் பழகுவதில்லை.

இனி முக்கியமான விடயம், தூசு. மே மாதம் முதல் சோளகக் காற்று வீசத் தொடங்கினால் எமது வீடுகளின் மேசையில் காலையில் துடைத்த இடத்தில் மாலையில் விரலால் எழுதலாம். வலிகாமத்துச் செம்மண்ணும் மணற்காட்டுப் பக்கத்து மணலும் எங்கும் புகும். போன்களின் பாதுகாப்பைக் காட்ட ஐ.பி. என்று ஒரு குறியீடு போடுகிறார்கள். அதில் முதல் இலக்கம் தூசுக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 2021 இன் Z ஃபோல்ட் 3 இல் முதல் இலக்கத்துக்குப் பதிலாக எக்ஸ் என்ற எழுத்துத்தான் இருந்தது; தண்ணீருக்கு உத்தரவாதம், தூசு பற்றிப் பேச்சே இல்லை. 2024 இன் ஃபோல்ட் 6 இல் அது 4 ஆனது. 4 என்றால் ஒரு மில்லிமீற்றரை விடப் பெரிய பொருட்கள் உட்புகாது என்று பொருள். எமது மணலில் ஒரு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பருக்கையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்! முழுமையான தூசுப் பாதுகாப்பான 6 ஆம் இலக்கம் மடிப்பு போன் ஒன்றில் வந்தது 2025 இல், கூகுளின் பிக்சல் 10 புரோ ஃபோல்டில்.

நிறுவனங்கள் 2 இலட்சம் தடவை மடித்துப் பரிசோதித்தோம் என்று சொல்வதுண்டு. ஒரு நாளைக்கு நூறு தடவை விரித்தால் ஐந்து வருடத்துக்கு மேல் தாங்கும் கணக்கு. ஃபோல்ட் 7 இன் திரைக்கு 5 இலட்சம் என்கிறார்கள். அந்தக் கணக்கில் பொய் இல்லை. ஆனால் அது சுத்தமான அறையில் இயந்திரம் மடித்த கணக்கு. சோளகத்தில் நாம் மடிப்பது அதில் சேராது.

பழுது வந்தால் என்ன நடக்கும்? சாதாரண போனின் திரை உடைந்தால் யாழ் நகரத்தில் காலையில் கொடுத்து லுஹருக்குப் பின் வாங்கிவிடலாம். கடைக்கார இளைஞர்களின் கைத்திறனுக்கு நான் சாட்சி. மடிப்பு போனில் உள் திரை, சட்டம், கீல் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிய ஒரே தொகுதி. திரையை மட்டும் பிரித்தெடுப்பது கடினம். பெரும்பாலும் தொகுதியாகவே மாற்றுகிறார்கள். அதன் விலைக்கு ஒரு நல்ல நடுத்தரப் புதுப் போன் வாங்கலாம். மாற்றுத் திரைகளும் சந்தையில் எளிதில் கிடைப்பதில்லை.

பதினான்காவது மாதத்தில் என் போனின் நடுக்கோட்டில் படலம் குமிழ் போல எழும்பத் தொடங்கியது. பாவித்த மடிப்பு போன்களில் பரவலாகக் காணப்படும் கோளாறு இது. நகரத்தில் மூன்று கடைகளில் காட்டினேன். மூவரும் தொட மறுத்தார்கள்; நேர்மையான பதில் அது. ஒரே வழி கொழும்பு, சுமார் 400 கிலோமீற்றர். பஸ்ஸில் கொடுத்தனுப்பி, திரும்ப வரப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. அதுவரை சிம்மை ஒரு பழைய போனில் போட்டேன். வங்கிச் செயலி அதில் ஏறவில்லை, வட்ஸ்அப்பும் அந்தப் பழைய அன்ட்ரொயிட்டை ஏற்கவில்லை. அந்த நாட்களுக்குள் புத்தளத்தில் உறவினர் ஒருவர் வபாத்தானார். குழுவில் வந்த ஜனாஸா அறிவித்தலை மனைவியின் போனில் பார்த்ததால்தான் நேரத்துக்குப் புறப்பட முடிந்தது. கோளாறு சிறியது, படலத்தை மாற்றியதும் சரியாகிவிட்டது. ஆனால் ஒரு மனிதனின் வங்கி, கடை, குடும்பம் மூன்றும் ஒரே சாதனத்துக்குள் இருக்கும்போது பன்னிரண்டு நாட்கள் சிறிய காலம் அல்ல. வாங்குபவர், நல்ல நிலையில் உள்ள இன்னொரு போனையும் வீட்டில் வைத்திருக்க வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

பாவித்ததை வாங்குவோருக்கு இன்னும் சில வார்த்தைகள். போனை முழுதாக 180 பாகைக்கு விரித்துப் பாருங்கள்; முழுதாக விரியாமல் நின்றால், அல்லது விரிக்கும்போது மணல் அரைபடும் சத்தம் கேட்டால், அப்படியே திருப்பிக் கொடுங்கள். வெள்ளைப் படம் ஒன்றைத் திரையில் போட்டு நடுக்கோட்டின் நெடுகிலும் கறுப்புப் புள்ளியோ பச்சைக் கோடோ உண்டா என்று பாருங்கள். படலத்தைப் புதிதாக மாற்றியதாகச் சொன்னால் எங்கே மாற்றினார்கள் என்று கேளுங்கள், பற்றுச்சீட்டு இருந்தால் நல்லது. விற்பவரின் கூகுள் கணக்கை அவர் உங்கள் முன்னாலேயே நீக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் இன்னொரு சோதனையும் அவசியம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் இல்லாத போன்களை 2025 ஜனவரி இறுதியிலிருந்து உள்ளூர் வலையமைப்புகளில் புதிதாக இணைக்க முடியாதபடி கட்டுப்பாடு வந்திருக்கிறது. நட்சத்திரக் குறி, ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண் திரையில் தோன்றும். ஐ.எம்.ஈ.ஐ. என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909 க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் பதிவு உண்டா இல்லையா என்று பதில் வரும். பணத்தைக் கொடுப்பதற்கு முன், கடையில் நின்றபடியே இதைச் செய்யுங்கள். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள் இருக்கும், இரண்டையும் அனுப்புங்கள். துபாயில் வாங்கியதன் உத்தரவாதச் சீட்டு பெரும்பாலும் இங்கு செல்லாது. அது இருக்கிறது என்பதற்காக விலையைக் கூட்டிக் கேட்டால் கொடுக்க வேண்டாம்.