உப்புத் தண்ணீர் ஊரில் மீன் தொட்டி

கூனிமேட்டில் படிக்கிற பிள்ளை ஒருவர் வீட்டில் மீன் தொட்டி வைக்க ஆசைப்பட்டால் முதலில் வரும் சந்தேகம் தண்ணீரைப் பற்றியதுதான். ஒரு பக்கம் கடல், பக்கத்திலேயே மரக்காணம் உப்பளங்கள். போர் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது, சோப்பு நுரைக்க மறுக்கிறது. இதில் நன்னீர் மீன் பிழைக்குமா?

பிழைக்கும். ஆனால் கடையில் கண்ணுக்குப் பிடித்த மீனை வாங்கிவந்து, பிறகு அதற்காகத் தண்ணீரை மாற்றப் பார்த்தால் பணமும் போகும், மீனும் போகும். வீட்டுக் குழாயில் என்ன தண்ணீர் வருகிறதோ அதற்கு ஏற்ற மீனை வாங்குங்கள்.

அப்படியானால் எந்த மீன்?

மோலி. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் ஆற்றிலும் முகத்துவாரத்திலும் வாழும் மீன் இது. கடின நீர் (சுண்ணாம்புச் சத்து அதிகம் கரைந்த தண்ணீர்) இதற்குப் பிடிக்கும். கொஞ்சம் உப்பையும் தாங்கும். அடுத்தது கப்பி, பிளாட்டி. இவை மூன்றும் விலை குறைந்தவை, எல்லா மீன் கடையிலும் கிடைப்பவை. சென்னை கொளத்தூர் வட்டாரத்தில் வளர்த்து விற்கப்படும் மீன்களில் இவையும் உண்டு.

நியான் டெட்ரா, டிஸ்கஸ் வேண்டாம். இரண்டும் அமேசான் பகுதியின் மென்மையான தண்ணீருக்குப் பழகியவை. நம் ஊர்த் தண்ணீரில் அவற்றை வைப்பது அவற்றுக்குத் துன்பம்தான்.

கேன் தண்ணீர் ஊற்றினால் நல்லதல்லவா?

மோலிக்கு நல்லதல்ல. சுத்திகரித்த கேன் தண்ணீரில் தாது உப்புகள் பெரும்பாலும் நீக்கப்பட்டிருக்கும். அதில் மோலி ஒரே இடத்தில் நின்று உடம்பை ஆட்டத் தொடங்கும்; நோயின் அறிகுறி அது. உங்கள் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத அளவு கரித்தால் மட்டும் கேன் தண்ணீரைக் கலந்து கொள்ளுங்கள்.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடரின் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளை அரிக்கும். வாளியில் பிடித்து, மூடாமல் ஒரு நாள் முழுக்க வைத்தால் வெளியேறிவிடும்.

கண்ணாடிக் குடுவை போதாதா?

போதாது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 50 லிட்டர் நிற்கும். தண்ணீர் கூடக்கூட அதன் வெப்பமும் தன்மையும் மெதுவாகத்தான் மாறும். புதிதாக வளர்ப்பவருக்கு அதுவே பாதுகாப்பு. தண்ணீர் மட்டுமே 50 கிலோ என்பதால் படிக்கும் மேசை மீது வைக்காதீர்கள். இந்தத் தொட்டிக்கு மோலி என்றால் ஐந்தாறு போதும். ஹீட்டர் தேவையில்லை. ஏர் பம்ப்போடு இணைத்த ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒன்று கட்டாயம்.

புதுத் தொட்டியில் விட்ட மீன் ஏன் ஒரு வாரத்தில் சாகிறது?

இந்தப் பொழுதுபோக்கைப் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா (மீனுக்கு விஷமான கழிவுப் பொருள்) உண்டாகிறது. ஒருவகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது ஓரளவு இருந்தால் தீங்கில்லை. இந்த நுண்ணுயிர்கள் ஸ்பான்ஜிலும் மணலிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். தண்ணீர் பளிங்குபோல் தெரிந்தாலும் அதுவரை அது புதுத் தண்ணீர்தான்.

கடின நீர் பெரும்பாலும் காரத்தன்மை உடையது. காரமும் வெப்பமும் கூடினால் அம்மோனியாவின் விஷமும் கூடும். ஆகவே நம் கடற்கரை ஊர்களில் இந்தப் பொறுமை இன்னும் அவசியம். முதலில் இரண்டே மீன் விடுங்கள். ஏற்கெனவே தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஸ்பான்ஜ் ஒன்று கேட்டு வாங்கிப் போட்டால் காத்திருப்பு வெகுவாகக் குறையும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அப்படிக் கழுவினால் அந்த நுண்ணுயிர்கள் எல்லாம் அழிந்து, தொட்டி மறுபடி முதல் நாளுக்குப் போய்விடும். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிது ஊற்றினால் போதும். ஸ்பான்ஜை அந்த எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து அலசுங்கள்.

பரீட்சை நேரத்தில் யார் பார்ப்பது?

தினமும் ஐந்து நிமிடம், வாரம் அரை மணி நேரம், அவ்வளவுதான் வேலை. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு தீனி, ஒரு நாளைக்கு ஒருமுறை போதும். நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த மீன் மூன்று நான்கு நாள் பட்டினி தாங்கும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள். பாசத்தில் அள்ளிப் போடுவார்கள். பசியைவிட ஆபத்து அதுதான்.

கரண்ட் போனால்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நாளில் மின்சாரம் நின்றால் ஏர் பம்பும் நின்றுவிடும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை மழைக்காலத்துக்கு முன்பே வாங்கி வையுங்கள். அது இல்லையென்றால் தொட்டித் தண்ணீரையே குவளையில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக் கொண்டிருங்கள்; காற்று கலக்கும். மின்சாரம் வரும்வரை தீனி வேண்டாம்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கொசுவத்தியிலும் கொசு விரட்டித் திரவத்திலும் உள்ள மருந்து மீனுக்குக் கடும் விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் அனுப்புகிறது. தொட்டி இருக்கும் அறையில் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

குட்டிகள் பெருகினால் என்ன செய்வது?

மோலியும் கப்பியும் முட்டையிடாமல் குட்டி போடுபவை; ஏறக்குறைய மாதம் ஒருமுறை போடும். வேண்டாமென்றால் ஆண் மீன்களை மட்டும் வாங்குங்கள். பெருகிவிட்டால் நண்பர்களுக்குக் கொடுங்கள், கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

ஏரியில் மட்டும் விடாதீர்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கப்பட்டு, பெரிதானதும் நீர்நிலைகளில் விடப்பட்ட உறிஞ்சுவாய் மீன்கள் தமிழ்நாட்டின் பல ஏரிகளில் இன்று மீனவர்களின் வலையைக் கிழிக்கின்றன. நமக்கு அருகில் இருப்பதோ கழுவேலி. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி. கடலோடு தொடர்புள்ளதால் அதன் ஒரு பகுதித் தண்ணீர் உவர்ப்பானது. உப்பைத் தாங்கும் மோலி அங்கே எளிதாகப் பிழைத்துப் பெருகிவிட முடியும். உங்களால் வைத்துக்கொள்ள முடியாத மீன் ஒன்றே ஒன்றாக இருந்தாலும் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.