மக்கு என்றொரு பிள்ளை இல்லை

முத்துப்பேட்டைக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் அலையாத்திக் காட்டைப் படகில் சென்று காணாதார் நம்முள் சிலரே இருப்பர். அங்குள்ள சேற்றுக்குள் மரம் மூச்சுவிடப் போதிய காற்று இல்லை. ஆகவே அலையாத்தி தன் வேர்களை மேல்நோக்கி நீட்டிச் சேற்றுக்கு வெளியே மூச்சு வாங்குகிறது. வயல்வரப்பில் நிற்கும் மரத்தைப் போல் அது ஏன் வேர்விடவில்லை என்று நாம் குறை கூறுவதில்லை. ஆனால் வகுப்பறையில் வேறு விதமாய்க் கற்கும் பிள்ளையைக் கண்டால் மட்டும் ‘மக்கு’, ‘சோம்பேறி’, ‘அடங்காதவன்’ என்று பெயர் சூட்டிவிடுகிறோம். அப்பெயர்கள் வளரிளம் பருவத்துப் பிள்ளையின் உள்ளத்தை என்ன செய்கின்றன, நாம் செய்யத்தக்கது யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மாறுபாடுகள் மூன்று

பள்ளியில் நாம் மிகுதியும் காணும் மாறுபாடுகள் மூன்று. முதலாவது, எழுத்தை ஒலியோடு இணைத்துப் படிப்பதில் இடர்தரும் டிஸ்லெக்சியா. 1896ஆம் ஆண்டில் பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அறிவுக்கூர்மை மிக்க அவனுக்கு எழுத்து மட்டும் வசப்படவில்லை. பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே கற்பித்தால் பள்ளியிலேயே சிறந்த மாணவன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கருதினார். இரண்டாவது, ஒன்றில் மனம் நிலைகொள்ளாமையும் இருந்த இடத்தில் இருக்க இயலாமையும் ஆகிய கவனக்குறை மிகைத்துடிப்பு. மூன்றாவது, 1943ஆம் ஆண்டில் லியோ கானர் விளக்கியுரைத்த ஆட்டிசம். ஓசையும் கூட்டமும் எதிர்பாராத மாற்றங்களும் இப்பிள்ளைகளைப் பெரிதும் அலைக்கழிக்கும். பிறர் முகக்குறிப்பை உணர்வதும் அரிதாகும். இம்மூன்றும் மூளை வளர்ச்சியின் மாறுபாட்டால் அமைவன. தாயின் வளர்ப்பாலோ, பிள்ளையின் பிடிவாதத்தாலோ வருவன அல்ல.

நம் ஊர்ப் பிள்ளையின் சுமை

நம் ஊர்ப் பிள்ளையின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் ஓதுபள்ளியில் வலமிருந்து இடமாக அரபு எழுத்து. பின்னர்ப் பள்ளியில் இடமிருந்து வலமாகத் தமிழும் ஆங்கிலமும். மூன்று மொழிகள், மூன்று எழுத்து முறைகள். ஆங்கிலத்தில் எழுத்து ஒன்றாகவும் ஒலி வேறாகவும் நிற்கிறது. தமிழிலோ ‘ல, ள, ழ’ என்பனவும் ‘ன, ண, ந’ என்பனவும் மயக்கம் தருகின்றன. வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, நூலில் உள்ள தமிழ் மற்றொன்று. எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய இச்சுமை டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்குப் பன்மடங்காகிறது. கேட்ட சூராக்களைப் பிழையின்றி மனனமாக ஓதும் பிள்ளை, கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதத் திணறுவதுண்டு. ‘ஓத வருகிறது, எழுத வரவில்லையா? சோம்பல்தான்!’ என்கிறோம். உண்மையில் அவனுடைய செவி வலியது என்பதற்கும், எழுத்துதான் இடறுகிறது என்பதற்கும் அதுவே சான்று.

தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியர், ஓர் அறை. ஆறாம் வகுப்பிற்குமேல் மணிக்கொரு ஆசிரியர், நீண்ட பாடங்கள், தேர்வு நெருக்கடி. அதுவரை எப்படியோ சமாளித்த பிள்ளை இங்கேதான் தடுமாறுகிறது. தந்தை வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ பொருளீட்டச் சென்றிருக்க, பள்ளியிலிருந்து வரும் புகார் அனைத்தையும் தாய் ஒருத்தியே தாங்குகிறாள்.

இரண்டாம் காயம்

கற்றலில் உள்ள இடர் முதற் காயம் எனின், அதன்மேல் விழும் வசைச்சொல் இரண்டாம் காயம். நாள்தோறும் ஏளனத்திற்கு ஆளாகும் பிள்ளைக்குப் பதற்றமும் மனச்சோர்வும் எளிதில் உண்டாகின்றன. காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி, உறக்கக்கேடு, தனிமை நாடல், காரணமற்ற சினம், ‘நான் எதற்கும் உதவேன்’ என்னும் பேச்சு ஆகியன அதன் அறிகுறிகள். அமைதியாகக் கனவில் ஆழ்ந்திருக்கும் பெண்பிள்ளைகள் தொல்லை தராமையால் எவர் கண்ணிலும் படாமலே போகின்றனர். முதற் காயம் பிறப்போடு வந்தது. இரண்டாவது நம்மால் வருவது. ஆகவே நம்மால் தடுக்கத்தக்கது.

துஆவும் மருந்தும்

மனத்துயர் கொண்டோரை ஜாம்பவானோடை தர்காவுக்கு அழைத்து வருவது நெடுநாள் வழக்கம். ஆறுதல் தேடி வருவோரை நாம் இகழ்வதற்கில்லை. ஆயினும் அங்கு அடங்கியுள்ள ஷெய்கு தாவூது அவர்களை மக்கள் ‘ஹக்கீம்’ என்றே அழைக்கின்றனர். ஹக்கீம் என்னும் சொல்லுக்கு மருத்துவர் என்பது பொருள். கி.பி. 934இல் மறைந்த அபூஸைத் அல்பல்கீ என்னும் அறிஞர், உடல்நலத்தோடு உளநலத்தையும் இணைத்து நூல் செய்தார். மருத்துவத்தை நாடுவது நம் மரபுக்குப் புறம்பன்று. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப இயலாமல் 28 உயிர்கள் பலியாயின. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. துஆவும் தொடரட்டும், மருத்துவரிடம் செல்வதும் தாமதமாகாதிருக்கட்டும்.

செய்யத்தக்கன

ஆசிரியர் செய்யக்கூடியவை எளியவை. இடறும் பிள்ளையை வகுப்பின் முன் உரக்கப் படிக்கச் சொல்லாதிருத்தல். வீட்டுப்பாடத்தைச் சிறுசிறு கூறாக்கித் தருதல். எழுத இயலாததை வாய்மொழியாகக் கேட்டறிதல். ஓசை மிகும்போது சற்றே வெளியே சென்றுவர இசைதல்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் மனநோயும் அவற்றுள் அடங்கும். டிஸ்லெக்சியா உள்ள மாணவர் தமிழக அரசுப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுபவர் உதவியும், ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கும் பெற வழியுண்டு. உரிய மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் வாயிலாக முன்கூட்டியே விண்ணப்பித்தல் வேண்டும். இவ்வுரிமையை அறியாமல் பத்தாம் வகுப்போடு படிப்பைக் கைவிடுவது பெரும் இழப்பன்றோ?

மாணவச் செல்வங்களே! எழுத்து வசப்படவில்லையெனில் பாடத்தைச் செவிவழிக் கேளுங்கள். இருபது நிமிடம் படித்துச் சிறிது நடந்து, மீண்டும் அமருங்கள். உறக்கத்தைக் குறைக்காதீர்கள். மனம் கனத்தால் நம்பிக்கைக்குரிய ஒரு பெரியவரிடமேனும் வாய்திறந்து சொல்லுங்கள். துயரம் இரு வாரங்களுக்குமேல் நீடித்தால் மருத்துவரை நாடுங்கள். வாழவே வேண்டாம் என்னும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திராதீர்கள். 14416 என்னும் ‘டெலி மானஸ்’ எண்ணில் கட்டணமின்றி, இரவிலும் பகலிலும் தமிழிலேயே பேசலாம்.

பெரியோர்களே! அடுத்த முறை ஒரு பிள்ளையை ‘மக்கு’ என்று சொல்ல நா எழும்போது, சேற்றுக்கு மேல் நீண்டு மூச்சு வாங்கும் அவ்வேர்களை நினைவிற் கொள்வோம். அவை வழிதவறிய வேர்கள் அல்ல. அம்மரத்தை வாழவைப்பவை அவையே.