கையெழுத்துக்கு முன்னால் ஒரு வரி

எங்கள் ஊரில் ஆகஸ்ட் 15 காலை கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் வேப்பமரத்தடியில் கிராம சபைக்கு ஜமுக்காளம் விரிப்பார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள்தான் முதலில் போய் உட்காருவோம். நோட்டு கைமாறி வரும். "அக்கா, ஒரு கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிங்க" என்பார்கள். பத்து வருஷம் போட்டேன். ஒருநாள் பக்கத்தைப் புரட்டினால், தீர்மானம் எழுத வேண்டிய தாள்கள் வெறுமையாக இருந்தன. "அதெல்லாம் அப்புறம் எழுதிக்குவோம்" என்றார்கள்.

அன்று சாயங்காலம்தான், கிராம சபை என்றால் என்னவென்று பக்கத்து வீட்டு டீச்சரிடம் கேட்டேன்.

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், நாம் கிராம சபையின் உறுப்பினர். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் தந்த உரிமை இது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டம் 2022 முதல் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வரவு செலவைச் சபையில் வாசிக்க வேண்டும். அரசுத் திட்டங்களின் பயனாளிகள் பட்டியலையும் அங்கேதான் வைக்க வேண்டும். ஆள் குறைந்தால் கூட்டம் செல்லாது. கையெழுத்துக்கு அவ்வளவு அவசரம் ஏனென்று இப்போது புரிகிறதா?

2021 அக்டோபர் 2 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் மதுரை மாவட்டம் பாப்பாபட்டி கிராம சபைக்குப் போனார். சாதாரண ஊரல்ல அது. தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு, பத்தாண்டுகள் அங்கே ஒரு தலைவர் நிலைக்க முடியவில்லை. 2006இல்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. அப்போது உள்ளாட்சித் துறை அமைச்சர் இதே ஸ்டாலின்தான். தலைவர்கள் இப்படி வந்து உட்கார்ந்து "எல்லோரும் வாருங்கள்" என்று அழைப்பது நல்லதுதான். ஆனால் சட்டப்படி பார்த்தால் அந்தச் சபையில் முதல்வர் விருந்தாளி. உறுப்பினர்கள் பாப்பாபட்டி வாக்காளர்கள். நம் வீட்டுக்கு நம்மையே வரச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் ஊரின் அடுத்த கூட்டத்தில் நோட்டு வந்தது. பேனாவை மூடினேன். எங்கள் தெரு மேல்நிலைத் தொட்டியில் சுத்தம் செய்த தேதி எழுதும் கட்டத்தில் ஏழு மாதத்துக்கு முந்தைய தேதி இருந்தது. அதைச் சொன்னேன். குரல் நடுங்கியது. "இதுக்கெல்லாம் தீர்மானமா?" என்று யாரோ சிரித்தார்கள். மேற்பார்வைக்கு வந்திருந்த பற்றாளர் சிரிக்கவில்லை. "எழுதுங்க" என்றார். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பிறகு கடைசி வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தீர்மானத்தின் நகலை வாங்கிக்கொண்டு இரண்டு முறை பிடிஓ ஆபீசுக்கு நடந்தேன். தொட்டியைக் கழுவினார்கள். போன மாதம் மறுபடி தேதி மாறவில்லை. நகல் என் அரிசி டப்பாவுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.