அலறுபவருக்கா, அமைதியாக இருப்பவருக்கா? தீ விபத்தில் முதல் சிகிச்சை யாருக்கு?

செட்டியார்பட்டி, தளவாய்புரம், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் வாழும் நமக்குத் தீ விபத்து என்பது செய்தித்தாளில் மட்டும் படிக்கும் விஷயமல்ல. பக்கத்திலேயே சிவகாசியும் சாத்தூரும் இருக்கின்றன. நம் உறவினரும் அண்டை வீட்டாரும் பட்டாசு வேலையை நம்பிப் பிழைக்கிறார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடி விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தது இன்னும் பலருக்கு மறந்திருக்காது.

அதற்கு முன் 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்தது அதைவிடப் பெரிய துயரம். ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்லர். புகையைக் கண்டு உதவுவதற்காகவும் பார்ப்பதற்காகவும் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஓடி வந்தவர்கள். அவர்கள் அருகில் நிற்கும்போதுதான் பெரும் வெடிப்பு நிகழ்ந்தது.

இதில் நமக்கு முதல் பாடம் இருக்கிறது. உதவ வேண்டும் என்ற எண்ணம் நல்லது. ஆனால் வெடிமருந்து எரியும் இடத்துக்குள் பயிற்சியில்லாமல் நுழைந்தால் காப்பாற்றப்பட வேண்டியவர்களின் எண்ணிக்கைதான் கூடும். 108-க்குத் தகவல் சொல்லுங்கள். பாதையை அடைக்காதீர்கள். வெளியே வந்தவர்களைப் பாதுகாப்பான தூரத்துக்கு அழைத்துச் சென்று முதலுதவி செய்யுங்கள்.

ஒரே நேரத்தில் இருபது பேர் மருத்துவமனைக்கு வந்தால் யாரை முதலில் பார்ப்பது? வரிசையில் முதலில் வந்தவரையா, அதிகம் அலறுபவரையா, தெரிந்தவர் வீட்டுப் பிள்ளையையா? மருத்துவம் இம்மூன்றையும் ஏற்பதில்லை. யாருக்கு உடனடி சிகிச்சை உயிரைக் காக்குமோ அவருக்கே முதலிடம். இதற்காக நோயாளிகளை நிறம் பிரிப்பார்கள். சிவப்பு என்றால் உடனடியாகப் பார்க்க வேண்டியவர். மஞ்சள் என்றால் கண்காணிப்புடன் சற்றுக் காத்திருக்கக் கூடியவர். பச்சை என்றால் நடந்து செல்லும் நிலையில் உள்ளவர். நமது அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் தரையிலும் சுவரிலும் காணும் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களுக்கு இதுவே பொருள்.

இங்கேதான் குடும்பத்தார் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கை வெந்து கொப்புளம் வந்தவர் வலி தாங்காமல் கதறுவார். பக்கத்தில் ஒருவர் பேசாமல் கிடப்பார். தோலின் முழு ஆழமும் வெந்துவிட்டால் வலியை உணர்த்தும் நரம்பு நுனிகளும் கருகிவிடும். ஆகவே ஆழமான காயத்தில் வலி குறைவாக இருக்கும். அவருடைய அமைதியைக் கண்டு "இவருக்கு ஒன்றுமில்லை" என்று முடிவு செய்வது ஆபத்து.

அதேபோல் மூடிய அறைக்குள் புகையைச் சுவாசித்தவர் வெளிப்பார்வைக்கு நன்றாகவே தெரிவார், நடப்பார், பேசுவார். ஆனால் குரல் கரகரத்திருந்தால், மூக்கு முடி கருகியிருந்தால், சளியில் கரி வந்தால் அவர் சிவப்பு வகைதான். சில மணி நேரத்தில் தொண்டை வீங்கி மூச்சுப்பாதை அடைத்துக்கொள்ளலாம். வீக்கம் முற்றும் முன்பே மருத்துவர் குழாய் செலுத்த வேண்டும். இந்த அறிகுறிகளைக் கண்டால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

காயத்தின் அளவை மருத்துவர்கள் சதவீதத்தில் கணக்கிடுவார்கள். பெரியவர்களுக்குத் தலையும் கழுத்தும் சேர்த்து 9, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, உடம்பின் முன்புறம் 18, பின்புறம் 18, மறைவிடம் 1. சிறு குழந்தைகளுக்குத் தலை பெரிது என்பதால் இந்தக் கணக்கு மாறும். விரல்களோடு சேர்ந்த நோயாளியின் உள்ளங்கை ஏறத்தாழ 1 சதவீதம்.

இந்த எண் எதற்கு? வெந்த உடம்பிலிருந்து நீர்ச்சத்து வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்டாவிட்டால் இரத்த அழுத்தம் விழுந்து சிறுநீரகம் செயலிழக்கும். முதல் 24 மணி நேரத்துக்கு எடை ஒரு கிலோவுக்கு, ஒரு சதவீதக் காயத்துக்கு 4 மில்லி வரை என்பது பழகிய கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 40 சதவீதக் காயம் என்றால் 9,600 மில்லி. அரை லிட்டர் பாட்டிலில் ஏறக்குறைய 19. இதில் பாதியை முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். சிறுநீர் வெளியேறும் அளவைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பார்கள்.

அந்த 8 மணி நேரம் மருத்துவமனையில் சேர்த்ததிலிருந்து அல்ல, தீப்பட்ட நேரத்திலிருந்து தொடங்குகிறது. ராஜபாளையத்திலிருந்து மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கு ஏறத்தாழ 85 கிலோமீட்டர். எனவே பெரிய காயமென்றால் அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலேயே குளுக்கோஸ் ஏற்றுவது என்று நாம் சொல்லும் அந்தச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டு மேல் மருத்துவமனைக்குச் செல்வதே சரி. தீப்பட்ட நேரத்தை ஒரு தாளில் எழுதி உடன் அனுப்புங்கள். போலீஸ் வழக்கு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை; உயிர்காக்கும் சிகிச்சையே முதலில் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்பளித்துள்ளது.

அதுவரை நாம் செய்ய வேண்டியவை எளியவை. எரியும் ஆடையை அணைத்துவிட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் காயத்தின் மேல் விடுங்கள். ஐஸ் கட்டி வேண்டாம். பற்பசை, மை, மஞ்சள், எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். மோதிரம், வளையலை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காமல் சுற்றி வெட்டுங்கள். பிறகு சுத்தமான துணியால் மூடுங்கள். உலகின் பல நாடுகளுக்கு மருத்துவத் துணி நெய்து அனுப்பும் சத்திரப்பட்டி நம் பக்கத்து ஊர். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுருள் காஸ் துணி இருப்பது கடினமல்ல. பெரிய காயமுள்ளவரை, குறிப்பாகக் குழந்தையை, அதிக நேரம் நனைத்தால் உடல் குளிர்ந்துவிடும். காயமில்லாத பகுதியைப் போர்த்துங்கள்.

பெண்களின் விஷயத்தில் ஒரு தயக்கம் உண்டு. எரிந்த ஆடையை அகற்றவும் ஆண் மருத்துவர் பார்க்கவும் சிலர் யோசிக்கிறார்கள். நிர்பந்தமான நிலையில் உயிரைக் காக்கத் தேவையான அளவுக்கு மார்க்கத்தில் அனுமதி உண்டு என்பதில் ஐயம் வேண்டாம். நான்கு பெண்கள் போர்வையை மறைப்பாகப் பிடித்தால் மானமும் காக்கப்படும், நேரமும் வீணாகாது.

மிகக் கடினமான ஒரு வகையும் இருக்கிறது. அது கறுப்பு. இறந்தவர்களோடு, இருக்கும் ஆட்களையும் வசதியையும் கொண்டு காப்பாற்ற முடியாத அளவுக்கு வெந்தவர்களும் பேரிடரில் இதில் சேரலாம். உயிரோடு பேசிக்கொண்டிருக்கும் தன் மகனை விட்டுவிட்டு மருத்துவர் அடுத்தவரிடம் போவதைப் பார்க்கும் தாயின் கோபத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மருத்துவர் அலட்சியம் செய்யவில்லை. அவருக்கு இருப்பது இரண்டு கைகள். பிழைக்கக்கூடிய மூவர் காத்திருக்கிறார்கள். கைவிடப்பட்டதாகவும் பொருள் இல்லை. வலி குறைக்கும் மருந்து கொடுப்பார்கள். ஆட்களும் வசதியும் வந்து சேர்ந்தால் மறுபடி பரிசோதிப்பார்கள். அந்நேரத்தில் ஊழியர்களோடு சண்டையிடுவதைவிட, பக்கத்தில் அமர்ந்து பெயர் சொல்லி அழைத்து, கலிமாவை மெல்லச் சொல்லிக்கொடுப்பதே அவருக்கு நாம் செய்யும் பேருதவி. அதை மருத்துவரால் செய்ய முடியாது. உம்மாவாலும் அத்தாவாலும்தான் முடியும்.

கடைசியாக ஒன்று. முதல் சில நாள்களைக் கடந்தவர்களுக்குப் பெரும் எதிரி கிருமித்தொற்று. நோயாளியை விசாரிக்கச் செல்வது நற்செயல்தான். ஆனால் தீக்காய வார்டுக்குள் கூட்டமாகப் போய்த் தொற்றைக் கொண்டு சேர்ப்பது நலம் விசாரிப்பதாகாது. வெளியில் நின்று துஆ செய்யுங்கள். இரத்தம் தேவையா, உடனிருப்பவருக்குச் சாப்பாடு வேண்டுமா என்று கேளுங்கள்.

ஒவ்வொரு ஜமாஅத்தும் ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு முந்தைய பட்டாசு உற்பத்திக் காலத்தில், இந்த முதலுதவியைப் பள்ளிவாசல் வளாகத்தில் எல்லாச் சமுதாயத்தாருக்கும் கற்றுக்கொடுத்தால் எவ்வளவோ நன்மை உண்டு. தீ யாருடைய வீடென்று பார்த்து வருவதில்லை. அல்லாஹ் நம் ஊர்களைப் பாதுகாப்பானாக.