கார் கேக்கும் கணக்கு நோட்டும்



பிறந்தநாள் என்றால் பாயசம் வைத்து, கோவிலுக்குப் போய் வருவதோடு முடிந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது சின்னக் கிராமத்திலும் கேக் வெட்டுகிறார்கள். அதிலும் பிள்ளைகள் வட்டக் கேக் வேண்டாம், கார் கேக்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள். நம் கூட்டமைப்பில் கேக் செய்து விற்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அதனால் இந்த இதழில் கார் வடிவக் கேக் செய்வது எப்படி என்றும், அதற்கு எவ்வளவு பணம் கேட்பது என்றும் பார்ப்போம். இரண்டாவதுதான் நமக்குக் கஷ்டமான பாடம்!

நடந்தது என்ன?

நம் உறுப்பினர் ஒருவர் குழுவில் 8,000 ரூபாய் உட்கடன் வாங்கி, சிறிய மின் அடுப்பு வாங்கினார். அவருடைய பள்ளித் தோழி, மகனின் ஐந்தாவது பிறந்தநாளுக்குச் சிவப்புக் கார் கேக் கேட்டார். "உனக்குப் போய் கணக்குப் பார்ப்பேனா? 600 குடு, போதும்" என்று சொல்லிவிட்டார் நம் சகோதரி.

முதல் நாள் மாலை மெத்தென்ற ஸ்பாஞ்ச் கேக் சுட்டு, சூடு ஆறுவதற்குள் கத்தியை வைத்தார். காரின் கூரை அப்படியே உட்கார்ந்துவிட்டது. ராத்திரியே மறுபடி சாமான் வாங்கி, வேறொரு கேக் சுட்டு, விடியும் வரை விழித்திருந்து செய்து கொடுத்தார். பையனுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அந்த மாதம் தவணை குறைந்தது. "ஆர்டர் வருதுன்னு சொன்னீங்களே, தவணை ஏன் குறையுது?" என்று ஊக்குநர் கேட்டபோது அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அதன்பிறகு நாங்கள் அவரோடு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தோம்.

என்னென்ன வேண்டும்?

கேக்குக்கு: மைதா 500 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 400 கிராம், பொடித்த சர்க்கரை 400 கிராம், முட்டை 8, பேக்கிங் பவுடர் 3 டீஸ்பூன், பால் அரை டம்ளர், கொஞ்சம் வெனிலா எசன்ஸ்.

மேல் பூச்சுக்கு: கறுப்பு சாக்லேட் காம்பவுண்ட் 500 கிராம், கிரீம் 250 மில்லி.

சக்கரத்துக்கு நான்கு கறுப்பு கிரீம் பிஸ்கட், விளக்குக்கு மிட்டாய், கேக்கை வைக்க ஒரு கெட்டி அட்டை.

ஆர்டர் எடுக்கும்போதே, அந்த வீட்டில் முட்டை சேர்ப்பார்களா, யாருக்காவது எந்தப் பொருளாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டுவிடுங்கள்.

முதல் நாள்: சுடுவதும் ஆறவிடுவதும்

ஸ்பாஞ்ச் கேக் காற்று நிறைந்தது. வெட்டினால் உதிரும், பாரம் தாங்காது. வெண்ணெய் அதிகம் சேர்ந்த கெட்டிக் கேக்தான் செதுக்க ஏற்றது. வெண்ணெயும் சர்க்கரையும் வெளுக்கும் வரை அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடியுங்கள். பேக்கிங் பவுடர் கலந்து சலித்த மாவையும் பாலையும் கடைசியில் மெதுவாகக் கலக்குங்கள். எட்டு அங்குல பிரட் டின் இரண்டில் சமமாக ஊற்றி, 160 முதல் 170 டிகிரி சூட்டில் சுமார் ஒரு மணி நேரம் சுடுங்கள். நடுவில் ஈர்க்குச்சி குத்தினால் மாவு ஒட்டக் கூடாது. பாதியில் கரண்ட் போனால் கேக் அமுங்கிவிடும். அதனால் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளைத் தெரிந்துகொண்டு சுடுங்கள்.

ஆறிய கேக்கை மூடி, ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். குளிர்ந்தால் வெண்ணெய் இறுகும், கத்தி சுத்தமாக இறங்கும். நம் சகோதரி தவறவிட்டது இந்த ஒரு ராத்திரியைத்தான்.

இரண்டாம் நாள்: செதுக்குவது

பிளவுஸ் தைக்கும்போது நேராகத் துணியில் கத்திரியை வைக்கிறோமா? பேப்பர் கட்டிங் போடுகிறோம் இல்லையா? இங்கேயும் அதேதான். காரைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் உருவத்தை, எட்டு அங்குல நீளத்துக்குத் தாளில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு கேக்கின் மேல் மேட்டைச் சீவிச் சமப்படுத்துங்கள். இதுதான் காரின் உடல். இரண்டாவது கேக்கில் நாலரை அங்குல நீளமும் ஒன்றரை அங்குல உயரமும் உள்ள துண்டை வெட்டி, சாக்லேட் பூச்சால் உடலின் மேல் ஒட்டுங்கள். சற்றுப் பின்னால் தள்ளி ஒட்டினால் முன்பக்கம் பானெட் வரும். தாளைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, முன் கண்ணாடிக்கும் பின் கண்ணாடிக்கும் சரிவாகச் சீவுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். சின்ன மூடியால் அழுத்தி, சக்கரம் வரும் நான்கு இடத்திலும் அரைவட்டமாகத் தோண்டுங்கள்.

மீதித் துண்டில் அரை அங்குலக் கனத்தில் ஒரு பட்டை வெட்டி, அட்டையில் வைத்து அதன்மேல் காரை உட்கார வையுங்கள். அப்போதுதான் கார் தரையைவிட்டு எழும்பி நிற்கும். தப்பாக வெட்டிவிட்டால் பயப்பட வேண்டாம். வெட்டிய துணியை ஒட்ட முடியாது, கேக்கைப் பூச்சு வைத்து ஒட்டிவிடலாம்! உதிர்ந்த தூளைப் பூச்சோடு பிசைந்து உருட்டினால் பிள்ளைகளுக்கு உருண்டை ஆகும்.

பூசுவது

நம் ஊர் வெயிலுக்கு வெண்ணெய் கிரீம் நிற்காது, உருகி வழியும். சாக்லேட் பூச்சு அதைவிட நன்றாகத் தாங்கும். கிரீமைக் கொதி வரும் முன் இறக்கி, துண்டாக்கிய காம்பவுண்டில் ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்துக் கலக்குங்கள். ஆறி, தடவும் பதத்துக்குக் கெட்டியாகட்டும். முதலில் மெல்லிய பூச்சு. இது தூளை அடக்குவதற்கு. இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தபின் இரண்டாவது பூச்சு. கத்தியை வெந்நீரில் தோய்த்து, துடைத்துவிட்டுத் தேய்த்தால் வழவழப்பாகும். பிஸ்கட் சக்கரத்தைக் கடைசியில் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் நமத்துப்போகும். உள்ளே தாங்குவதற்குக் குச்சி வைத்திருந்தால், வாங்குபவரிடம் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். சாப்பிடப் போவது குழந்தைகள்.

சிவப்புதான் வேண்டும் என்று கேட்டால்? கார் முழுக்கச் சிவப்பாக்க நிறையச் சாயம் வேண்டும். உணவில் சேர்க்கும் சாயத்துக்குச் சட்டப்படி அளவு உண்டு. பஞ்சு மிட்டாயில் ரோடமைன்-பி என்ற துணிச் சாயம் இருந்ததால், 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அந்த மிட்டாயின் விற்பனைக்குத் தடை போட்டது நினைவிருக்கும். உதிரியாக விற்கும் கலர் பொடி வேண்டவே வேண்டாம். சாக்லேட் நிறக் காருக்குச் செர்ரிப் பழத்தால் ஒரு சிவப்புப் பட்டை போடுங்கள். பிள்ளைகள் ஏற்றுக்கொள்வார்கள்.

கொண்டுபோகும்போது மடியில் வைக்காதீர்கள். மடி எப்போதும் சாய்வு. ஆட்டோவின் தரையில் சமமாக வையுங்கள்.

இப்போது கணக்கு

நம் சகோதரி வாங்கிய விலையில் எழுதினோம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களும் எழுதிப் பாருங்கள்.

மைதா – 30
வெண்ணெய் – 240
சர்க்கரை – 20
முட்டை – 52
பேக்கிங் பவுடர், எசன்ஸ், பால் – 20
சாக்லேட் காம்பவுண்ட் – 200
கிரீம் – 70
பிஸ்கட், மிட்டாய் – 30
அட்டை, பெட்டி – 60
மின்சாரம் – 40
மொத்தம் – 762 ரூபாய்

அவர் வாங்கியதோ 600. பொருளுக்கே 162 ரூபாய் நட்டம். வீணான முதல் கேக்குக்கு ஆன 300 ரூபாயையும் சேர்த்தால் 462. இதில் அவருடைய உழைப்புக்கு ஒரு பைசாகூட இல்லை.

உழைப்புக்கு என்ன கணக்கு? 2025-26-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாள் கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 42. கேக்குக்குக் கை வேலை ஆறு மணி நேரம். அந்தக் கணக்கில் பார்த்தாலும் 252 ரூபாய் வருகிறது. கைத்தொழில் தெரிந்தவருக்கு இது குறைவுதான். உடைந்தது, உதிர்ந்ததற்குப் பொருள் செலவில் பத்தில் ஒரு பங்காக 76 ரூபாய். ஆக மொத்தம் 1,090 ரூபாய். நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் என்று போட்டால் வாயை மூடிக்கொண்டு கொடுக்கிறோம். நம் கைவேலைக்கு மட்டும் கேட்கக் கூச்சப்படுவது ஏன்?

"தோழிகிட்ட எப்படிங்க கேக்கிறது?" என்றார் அவர். வழி இருக்கிறது. ஒன்று, பொருளைத் தோழியே வாங்கிக் கொடுக்கட்டும், உழைப்பு உங்கள் பரிசு. இல்லையென்றால் முழு விலையைச் சீட்டில் எழுதி, அதற்குக் கீழே "நட்புக்காகக் குறைத்தது" என்று தொகையைப் போடுங்கள். பரிசு கொடுப்பது தப்பே இல்லை. எவ்வளவு கொடுத்தோம் என்று நமக்கும் தெரிய வேண்டும், வாங்குபவருக்கும் தெரிய வேண்டும்.

அந்தச் சீட்டை அவர் தோழியிடம் காட்டினார். "முன்னாடியே சொல்லியிருந்தா குடுத்திருப்பேனே, நீ நஷ்டப்பட்டா நான் கேட்டேன்?" என்றாராம் தோழி. அடுத்த மாதம் தோழியின் உறவினர் வீட்டிலிருந்தே ஆர்டர் வந்தது. இந்தமுறை விலையை முதலில் சொல்லி, பாதியை முன்பணமாக வாங்கினார். தவணை முழுசாகக் கட்டினார்.

ஒரு விஷயம் மறக்க வேண்டாம். வீட்டில் செய்து விற்றாலும், உணவுப் பாதுகாப்புத் தரச் சட்டம் 2006-ன்படி பதிவு செய்ய வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்கலாம். தெரியாதவர்கள் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வாருங்கள், சேர்ந்து செய்வோம்.

அடுத்த குழுக் கூட்டத்தில், கேக் என்றில்லை, ஊறுகாயோ தையலோ, நீங்கள் கடைசியாகச் செய்து கொடுத்த ஒரு பொருளுக்கு இதே மாதிரி கணக்கு எழுதிப் பாருங்கள். கூலி என்ற வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.