ஜேஇஇ எழுதாமல் ஐஐடி மெட்ராஸ் டிகிரி: ஏழை மாணவர்களுக்கு எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

ஐஐடின்னாலே ஜேஇஇ கோச்சிங், லட்சக்கணக்கில் செலவுன்னுதான் பலரும் ஒதுங்கிப்போறாங்க. ஆனால் 2020-ல் ஐஐடி மெட்ராஸ் தொடங்கிய டேட்டா சயின்ஸ் ஆன்லைன் படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை.

யார் சேரலாம்?

பிளஸ் 2-வில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் சேரலாம். 10-ம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். வயது வரம்பு கிடையாது. முதல் 4 வாரம் ஆங்கிலம், கணிதம், புள்ளியியல், கம்ப்யூட்டேஷனல் திங்கிங் என 4 பாடங்களை ஆன்லைனில் சொல்லித் தருவாங்க. அதிலிருந்துதான் தகுதித் தேர்வு.

செலவு?

மொத்தமா கட்ட வேண்டாம். அந்த டெர்மில் எடுக்கும் பாடங்களுக்கு மட்டும் கட்டினால் போதும். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானக் குடும்பத்தினருக்கு 75% வரை கட்டணச் சலுகை உண்டு. இங்கேதான் கவனம் தேவை: சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இருந்தால்தான் சலுகை. இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்து வைப்பது நல்லது.

சிக்கல் எங்கே?

வீடியோவை எப்போ வேணும்னாலும் பார்க்கலாம். ஆனா தேர்வை நேரில் மையத்துக்குப் போய்த்தான் எழுதணும். மலைக்கிராமத்து மாணவருக்கு அந்த பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் பெரிய விஷயம். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். கோடிங் பழக செல்போன் மட்டும் பத்தாது, கம்ப்யூட்டர் வேணும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு ஆரம்ப மாதங்கள் கஷ்டம்தான்.

நடுவில் நிறுத்தினால்?

அடிப்படைக் கட்டத்தை முடித்தால் சான்றிதழ், அடுத்த கட்டத்தில் டிப்ளமோ, அதற்குப் பிறகு டிகிரி. எந்தக் கட்டத்தை முடித்து வெளியேறினாலும் அதற்கான சான்று கையில் இருக்கும்.